ஞாயிற்றுக்கிழமைச் சாம்பியன்

1985இல் டென்மார்க்கின் எஸ்பியர் நகரில் நடந்த உலக லாங்டிராக் இறுதிப் போட்டியில் சைமன் விக் என்ற ஆங்கிலேயர் பட்டம் வென்றார். அவருக்கு அப்போது 25 வயது நிறைந்திருக்கவில்லை. லாங்டிராக் என்பது சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மணல்தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஜெர்மனியிலும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவிலும் அதற்கென்றே அமைந்த தடங்கள் இருந்தன; குதிரைப் பந்தயத்துக்காகப் போட்டு மோட்டார் சைக்கிளுக்கும் திறந்துவிட்டவையும் இருந்தன. இங்கிலாந்தில் அப்படி நிலைத்து நின்ற தடம் ஒன்றுகூடக் கிடையாது. குதிரைத் தடங்களில் ஓரிரு முயற்சிகள் நடந்து, சில பருவங்களில் அடங்கிப்போயின. தன் நாட்டில் இல்லாத தடத்தில்தான் விக் 1985, 1989, 1990, 1993, 1994 என்று ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனார். அதற்கு முன் ஜெர்மனியின் கார்ல் மையர் நான்கு முறை வென்றிருந்ததே உச்சம்.

இவ்வளவு இருந்தும், இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் ரசிகர்கள் தங்கள் உலகச் சாம்பியன்களை வரிசையாகச் சொல்லும்போது விக்கின் பெயர் எளிதில் வருவதில்லை. பீட்டர் கிரேவன், பீட்டர் காலின்ஸ், மைக்கேல் லீ, கேரி ஹேவ்லாக், மார்க் லோரம், டை வாஃபிண்டன் என்று போகும் அந்தப் பட்டியல் ஸ்பீட்வே சாம்பியன்களுடையது. ஸ்பீட்வேயில் விக்குக்கு உலகப் பட்டம் கிடைக்கவில்லை. 1989இல் இரண்டாம் இடம் வந்ததே அவருடைய உயரம். பிரிட்டனில் ஒரு பந்தய வீரரின் வாழ்க்கை எப்படி அமைகிறது, எங்கே திரும்புகிறது, யார் நினைவில் நிற்கிறார், யார் நழுவிப்போகிறார் என்று பார்க்க விக்கைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நினைக்கிறேன். அவருடைய திறமைக்கு இணையாக இந்தக் கதையில் வேலை செய்த இன்னொன்று உண்டு. அது வாரத்தின் நாட்கள்.

ஸ்பீட்வேயைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதன் விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. வண்டியின் எடை 80 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நான்கு பேர் நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓட்டுவார்கள். முழுப் பந்தயமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஷேல் எனப்படும் செந்நிறத் துகள்மண் பரப்பிய வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, இரும்புத் தகடு கட்டிய இடது பூட்ஸை மண்ணில் உரசிக்கொண்டு போவார்கள். வண்டியைத் திருப்புவதும் வேகத்தைக் குறைப்பதும் ஆக்சிலரேட்டர் பிடித்த வலக்கையின் வேலை. பயந்து கையைத் தளர்த்தினால் வண்டி நிமிர்ந்து நேராக வேலியை நோக்கிப் போகும். வேகத்தைக் கூட்டினால்தான் வண்டி வளையும் என்பதை உடம்பு நம்பப் பழகுவதற்கே ஒரு சிறுவனுக்குப் பல பருவங்கள் ஆகின்றன.

இந்த விளையாட்டு ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டையொட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயத்தோடு இங்கிலாந்தில் பெரிதாகக் காலூன்றியது. நாய்ப்பந்தய அரங்குகளில் மாலை நேர மின்விளக்கு வெளிச்சத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வந்து பார்க்கும் விளையாட்டாக அது நிலைத்தது. 1936இல் முதல் உலக இறுதிப் போட்டி வெம்பிளியில் நடந்தது. 1981இல் அதே அரங்கில் கடைசியாக நடந்தபோதும் இருக்கைகள் நிரம்பியே இருந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, பிரிட்டிஷ் லீக் பந்தயங்கள் பெரும்பாலும் வாரநாள் மாலைகளில் நடப்பவை. ஒவ்வோர் ஊருக்கும் அதற்கென்று ஒரு கிழமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் காலியாகவே இருந்தது.

அந்த ஞாயிறுகளைப் புல்தடப் பந்தயம் எடுத்துக்கொண்டது.

கிராஸ்டிராக் எனப்படும் இந்தப் பந்தயத்துக்கு அரங்கம் வேண்டியதில்லை. ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம், கொஞ்சம் கயிறு, முளைக்கம்புகள், ஒரு தண்ணீர் வண்டி, ஓர் ஆம்புலன்ஸ் போதும். காலையில் நீள்வட்டமாகத் தடத்தைக் கட்டி, மாலையில் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளூர் மோட்டார் சைக்கிள் சங்கங்கள் 1920களிலிருந்தே இதை நடத்திவருகின்றன. இன்று ஃபார்முலா கார் பந்தயங்களால் அறியப்படும் கெண்ட் மாவட்டத்து பிராண்ட்ஸ் ஹாட்ச் தொடக்கத்தில் ஒரு புல்தடம்தான். 1950இல்தான் அங்கே தார் போட்டார்கள். அதே கெண்டிலிருந்து வந்த டான் காடன், 1969இல், உலகப் போட்டி என்று பெயர் மாறுவதற்கு முன் ஐரோப்பியப் போட்டியாக இருந்த லாங்டிராக் பட்டத்தை வென்றார். பின்பு சட்டங்களும் இஞ்சின்களும் செய்யும் பட்டறையாளராக மாறினார். அவர் பெயர் தாங்கிய இஞ்சின்கள் உலகத் தரப் பந்தயங்களில் ஓடின. புல்தட உலகத்தில் ஓட்டுபவரும் பழுதுபார்ப்பவரும் வண்டி செய்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

வண்டியிலும் வேறுபாடு உண்டு. இஞ்சின் அதே 500 சிசி வகைதான். ஆனால் சட்டம் நீளமானது. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் உண்டு. இரண்டு கியர் உண்டு. லாங்டிராக் வண்டியும் இதே அமைப்புதான். புல்வெளியில் பழகியவன் ஒரு கிலோமீட்டர் மணல்தடத்துக்குப் போனால் வண்டி அவனுக்குப் புதிதாக இருக்காது. தடத்தின் நீளமும் வேகமும்தான் புதிது. ஸ்பீட்வே தடத்தின் நேர்ப்பகுதியில் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரை ஒட்டி இருக்குமென்றால், பெரிய மணல்தடத்தில் 150ஐ எளிதில் தாண்டும். பிரிட்டனில் லாங்டிராக் இல்லாமலே லாங்டிராக் வீரர்கள் உருவானதற்கு நேரடியான விளக்கம் இதுதான்.

நுட்பமான விளக்கம் நிலத்தில் இருக்கிறது. ஸ்பீட்வே தடத்தைச் சில பந்தயங்களுக்கு ஒருமுறை டிராக்டர் கொண்டு சீராக்குவார்கள். எட்டாவது பந்தயத்தில் மண் எப்படி இருக்கும் என்று ஓரளவு கணித்துவிடலாம். மேய்ச்சல் நிலம் அப்படிப்பட்டதல்ல. காலையில் பனியீரம் படிந்த புல், மதியம் புல் கிழிந்து வெளிப்பட்ட ஈரமண், மாலையில் பள்ளமும் புழுதியும். ஒரே நாளில் மூன்று வேறு தடங்களில் ஓட்டிய அனுபவம் ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கிடைத்துவிடும். எந்த இடத்தில் பிடிமானம் மிச்சமிருக்கிறது, எந்த ஓரத்தில் இன்னும் யாரும் உழுதுவிடவில்லை என்று அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. புல்தடத்திலிருந்து வந்தவர்கள் ஸ்பீட்வேயில் வெளிவட்டத்தை அதிகம் நம்பி ஓட்டுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் பொருந்தாத கூற்று என்றாலும், பின்னாலிருந்து முந்திவந்து ஜெயிக்கும் வீரர்களின் பெயர்களை எடுத்துப் பார்த்தால் அதில் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

பீட்டர் காலின்ஸ் அந்த வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1954இல் மான்செஸ்டர் பக்கம் பிறந்த அவர் சிறுவயதிலேயே புல்தடத்தில் பெயரெடுத்தவர். மான்செஸ்டரின் பெல் வியூ சங்கம் அவரை எடுத்துக்கொண்டு, 1971இல் இரண்டாம் பிரிவிலிருந்த ரோச்டேல் அணிக்கு அனுப்பிவைத்தது. பெரிய சங்கம் தன் சிறு வீரனைக் கீழ்ப்பிரிவில் பழகவிட்டு, தேறியதும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது அன்றைய நடைமுறை. காலின்ஸ் சீக்கிரமே திரும்பிவிட்டார். 1974இல் வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியில் வென்றார். 1976இல் போலந்தின் ஹோஜூவ் நகரில், பெருங்கூட்டத்தின் முன் உலகச் சாம்பியன் ஆனார். 1962இல் கிரேவன் வென்ற பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பட்டம் அது. காலின்ஸுக்கு அப்போது 22 வயது.

அடுத்த ஆண்டு நடந்ததை இன்றும் சொல்வார்கள். உலக இறுதிக்குச் சில நாட்கள் இருக்கும்போது சொந்தத் தடத்தில் நடந்த விபத்தில் காலின்ஸின் கால் எலும்பு முறிந்தது. அந்தக் காலோடு கோதன்பர்க் போய், மழையில் நனைந்த தடத்தில் ஓட்டி, நியூசிலாந்தின் ஐவன் மாகரிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். இதை வீரம் என்று கொண்டாடுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஓட்டினால்தான் புள்ளி, புள்ளிக்குத்தான் காசு என்ற ஏற்பாட்டில் வளர்ந்த ஒருவருக்கு, முறிந்த காலோடு ஓட்டுவது அசாதாரணமான முடிவாகப் பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவருடைய தம்பிகள் லெஸ், ஃபில், நீல், ஸ்டீஃபன் ஆகியோரும் ஸ்பீட்வேக்கு வந்தவர்கள். லெஸ் 1982 உலக இறுதியில் இரண்டாம் இடம் பிடித்தார்.

காலின்ஸின் பாதை இங்கிலாந்துக்குப் பிடித்தமான பாதை. புல்வெளியில் தொடங்கி, கீழ்ப்பிரிவில் தேறி, சொந்த ஊர் சங்கத்தில் நின்று, ஸ்பீட்வேயின் உச்சத்தில் முடிவது. விக்கும் அதே வாசலில்தான் நுழைந்தார். 1960 அக்டோபரில் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். ஸ்பீட்வே லீக்குக்கு வந்தபோது அவருக்கு 19 வயது. இரண்டாம் பிரிவில் கடற்கரை ஊரான வேமத்தின் அணி. பிறகு முதல் பிரிவில் கிரேட்லி ஹீத். 1984இல் ஆக்ஸ்போர்டு சங்கம் பெருஞ்செலவில் ஓர் அணியைக் கட்டியபோது அவரை வாங்கியது. டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சனும் அப்போது அங்கே வந்துசேர்ந்தார். 1985, 1986 இரண்டு ஆண்டும் ஆக்ஸ்போர்டுதான் லீக் சாம்பியன்.

இந்தக் காலத்திலும் விக் புல்தடத்தை விடவில்லை. பிரிட்டிஷ் புல்தடப் பட்டங்களைப் பலமுறை வென்றார். வாரநாட்களில் ஆக்ஸ்போர்டுக்காக ஸ்பீட்வே. வாரக்கடைசியில் வேனில் வேறு வண்டியை ஏற்றிக்கொண்டு ஒன்று ஏதாவது ஒரு ஆங்கிலக் கிராமம், இல்லையென்றால் கடல் கடந்து ஜெர்மனி. ஹெர்க்ஸ்ஹைம் என்ற சின்ன ஊரில் கிறிஸ்து விண்ணேற்ற நாள் விடுமுறையன்று நடக்கும் மணல்தடப் பந்தயத்துக்குக் கூட்டம் அலைமோதும். பவேரியாவின் ம்யூல்டோர்ஃப், ஃபார்கிர்ஹன், வடக்கே ஷேஸல் என்று அந்த நாட்டில் லாங்டிராக் ஊர்கள் பல. வென்றால் பரிசு, வெல்லாவிட்டாலும் வந்துபோக ஒப்புக்கொண்ட தொகை. திறமையுள்ள ஓர் ஆங்கிலேயப் புல்தட வீரருக்கு அது ஒழுங்கான வருமானம். ஸ்பீட்வே சாம்பியனான மைக்கேல் லீ 1981இல் லாங்டிராக் உலகப் பட்டத்தையும் வென்று அந்த வழியை ஏற்கெனவே காட்டியிருந்தார். விக் அதில் நிரந்தரமாகக் குடியேறினார் எனலாம்.

1989 அவருடைய வாழ்வின் மிகப் பெரிய ஆண்டு. பிரிட்டிஷ் ஸ்பீட்வே சாம்பியன், அதுவும் தொடர்ந்து இரண்டாம் முறை. மியூனிக்கில் நடந்த உலக இறுதியில் இரண்டாம் இடம்; முதலிடம் அவருடைய ஆக்ஸ்போர்டு அணித் தோழர் நீல்சனுக்கு. செக்கோஸ்லோவாக்கியாவின் மரியான்ஸ்கே லாஸ்னேயில் லாங்டிராக் உலகப் பட்டம். செப்டம்பரில் பிராட்ஃபோர்டின் ஓட்சல் அரங்கில் உலக அணிக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியிலும் அவர் இருந்தார். அந்தக் கோப்பையை யாரும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வதில்லை. முதல் பந்தயத்தின் முதல் வளைவிலேயே நடந்த மோதலில் மூன்று முறை உலகச் சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார். பிழைத்தார், மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. குண்டர்சன் 1984, 1986 ஆண்டுகளில் லாங்டிராக் உலகப் பட்டத்தையும் வென்றவர். மணல்தடத்தில் விக்கின் நேரடிப் போட்டியாளர்.

இவ்வளவு செய்தவர் ஏன் பெயர்ப்பட்டியலில் பின்னுக்குப் போனார்? தொலைக்காட்சியும் ஒரு காரணம். ஐடிவியின் சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சியான வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட் வழியாகத்தான் பொதுவான பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு ஸ்பீட்வே வீரர்கள் அறிமுகமானார்கள். அந்த நிகழ்ச்சி 1985 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. விக் முதல் உலகப் பட்டம் வென்றது அதே ஆண்டு. அந்த நிகழ்ச்சி நீடித்திருந்தாலும் அவருடைய பிந்தைய வெற்றிகள் ஜெர்மனியின், செக் நாட்டின் சிறு ஊர்களில் நடந்தவை. அங்கே அவர் நட்சத்திரம். ஜெர்மனியின் எகோன் ம்யூலரைப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு புரியும். மூன்று முறை லாங்டிராக் உலகச் சாம்பியனான ம்யூலர், 1983இல் நோர்டன் என்ற சொந்த நாட்டு ஊரில் ஸ்பீட்வே உலகப் பட்டத்தையும் வென்றார். பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிடும் அளவுக்கு அவருக்குப் புகழ் இருந்தது. தன் மொழி பேசுபவர்கள் சூழ்ந்திருக்க வெல்வதற்கும் அயலூரில் வெல்வதற்கும் அவ்வளவு தூரம்.

1990இல் விக்கின் அணித் தோழர் நீல்சன் போலந்தின் லூப்லின் அணிக்கு ஓட்டப் போனார். கம்யூனிச ஆட்சி சரிந்து போலந்து திறந்துகொண்ட நேரம். உலகச் சாம்பியன் ஒருவர் அங்கே லீக்கில் ஓட்டுவது பெரும் செய்தியானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிநாட்டு வீரர்கள் வரிசையாகப் போனார்கள். போலந்து லீக்கின் பந்தய நாள் ஞாயிறு. அதாவது ஆங்கிலக் கிராமத்துப் புல்தடமும் ஜெர்மானிய மணல்தடமும் நடக்கும் அதே நாள். விக் தன் ஞாயிறுகளைப் பெருமளவு மணல்தடத்துக்கே கொடுத்து 1993, 1994இல் இன்னும் இரண்டு உலகப் பட்டங்கள் எடுத்தார். நீல்சன் காட்டிய வழியோ அடுத்த தலைமுறையின் ராஜபாட்டை ஆனது. 1995இல் உலக இறுதி என்ற ஒற்றை இரவுப் போட்டி மறைந்து, பல சுற்றுகள் கொண்ட கிராண்ட் பிரீ தொடர் வந்தபோது சனிக்கிழமைகளும் போய்விட்டன. அந்த முதல் கிராண்ட் பிரீ தொடரை வென்றவரும் நீல்சன்தான். அதே 1995இல் கெல்வின் டேட்டம் என்ற இங்கிலாந்து வீரர் லாங்டிராக் உலகப் பட்டம் வென்றார். ஸ்பீட்வேயிலும் முன்வரிசையில் இருந்து, லாங்டிராக்கிலும் உலகை வென்ற ஆங்கிலேயர்களின் வரிசை ஏறக்குறைய அத்தோடு அறுந்தது.

விக் 2000ஆம் ஆண்டு நவம்பரில் மூளைக்கட்டியால் இறந்தார். வயது 40.

இப்போது ஒரு பதினைந்து வயதுப் பையன் ஸ்பீட்வே வீரனாக வேண்டுமென்றால் அவன் முன் இருக்கும் ஏணி எப்படிப்பட்டது? சிறுவர்களுக்கான 125, 250 சிசி போட்டிகள் இருக்கின்றன. அடுத்து மூன்று அடுக்கு லீக்கின் கீழ் அடுக்கு. அங்கே அவனுக்கு ஒரு சராசரி எண் ஒட்டப்படும். ஒரு போட்டியில் அவன் ஓட்டும் பந்தயங்களை நான்காகக் கணக்கிட்டால் எத்தனை புள்ளி எடுக்கிறான் என்பதே அந்த எண். ஏழு பேர் கொண்ட அணியின் சராசரிகளைக் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்காரச் சங்கம் எல்லாச் சிறந்த வீரர்களையும் வாங்கிக் குவித்துவிடாமல் தடுக்க வந்த விதி இது. அதன் பக்கவிளைவு விசித்திரமானது. நன்றாக ஓட்டி எண்ணை உயர்த்திக்கொண்டவனை அடுத்த ஆண்டு அவன் சங்கமே கணக்குக்குள் அடக்க முடியாமல் வெளியே விடலாம். சுமாராக ஓட்டியவனுக்கு, எண் குறைவு என்பதாலேயே மூன்று சங்கங்கள் கதவு திறக்கலாம். இளம் உள்நாட்டு வீரர்களுக்கு உயர்மட்ட அணியில் ஓர் இடத்தை ஒதுக்கிய ‘ரைசிங் ஸ்டார்’ திட்டம் அண்மையில் வந்து இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறது.

சம்பளம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலோருக்குக் கிடையாது. வீரர் சுயதொழில் செய்பவர். இஞ்சின் அவருடையது, வேன் அவருடையது, இஞ்சினைப் பிரித்துக் கட்டும் டியூனருக்குக் கொடுக்கும் கூலியும் அவருடையது. புள்ளிக்கு இவ்வளவு என்று சங்கம் கொடுக்கும். அடிபட்டுப் படுத்தால் புள்ளி இல்லை. ஊர்க் கடைக்காரர்கள், கட்டட ஒப்பந்ததாரர்கள், லாரி முதலாளிகள் பெயர்களை உடையில் தைத்துக்கொண்டு விளம்பரப் பணம் திரட்டுவது பெரும்பாலும் அப்பாவின் வேலையாக இருக்கும்.

தடங்களும் கரைந்துகொண்டே வருகின்றன. பெல் வியூவின் புகழ்பெற்ற ஹைட் ரோடு அரங்கம் 1987இல் மூடப்பட்டது. எக்ஸிடரின் கவுண்டி மைதானம் 2005இல் போனது. கோவென்ட்ரியின் பிராண்டன் 2016 பருவத்தோடு நின்றது. வுல்வர்ஹாம்டனும் பீட்டர்பரோவும் 2023இல் கடைசிப் பந்தயத்தை நடத்தின. வீடு கட்டுபவர்களுக்கு நிலம் வேண்டும்; அரங்கத்தின் சொந்தக்காரர் ஒருவர், பந்தயம் நடத்துபவர் வேறொருவர் என்பதால் சங்கத்தால் எதிர்த்து நிற்க முடிவதில்லை. இதில் விதிவிலக்குகள் உண்டு. மான்செஸ்டரில் 2016இல் புதிதாகத் தேசிய ஸ்பீட்வே அரங்கம் எழுந்தது. விக் ஓட்டிய ஆக்ஸ்போர்டின் கௌலி அரங்கம் பத்தாண்டு மூடிக் கிடந்து 2022இல் மீண்டும் திறந்தது.

டான் பியூலி என்ற ஸ்பீட்வே வீரரின் கதை இந்தப் பின்னணியில் நடந்தது. 1999இல் கம்ப்ரியாவின் வைட்ஹேவனில் பிறந்தவர். பக்கத்து ஊரான வொர்க்கிங்டனின் சங்கம் அவரை வளர்த்தது. 2018இல் வொர்க்கிங்டன் அணி இரண்டாம் பிரிவு லீக்கை வென்றது, நாக்அவுட் கோப்பையை வென்றது, ஷீல்டையும் வென்றது. மூன்றையும் அள்ளிய கையோடு சங்கம் இழுத்து மூடப்பட்டது. கணக்குப் புத்தகம் வேறு மாதிரிச் சொன்னால் கோப்பைகளால் ஆவதொன்றுமில்லை. அதே பருவத்தில் பியூலி கடுமையான விபத்தில் சிக்கி மாதக்கணக்கில் படுத்திருந்தார். மீண்டு வந்தபோது அவருக்கு மான்செஸ்டரில் பெல் வியூ இருந்தது. அதைவிட முக்கியமாகப் போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் இருந்தது. 24 வயதுக்குட்பட்ட ஒருவரை ஒவ்வோர் அணியும் களமிறக்கியாக வேண்டும் என்று போலந்தின் உயர்மட்ட லீக் 2021இல் விதி கொண்டுவந்தபோது, அதற்குப் பொருந்தும் வயதில் அவர் இருந்தார். அந்த ஆண்டே வ்ரோட்ஸ்வாஃப் போலந்துச் சாம்பியன். அதே ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டரில் ராபர்ட் லாம்பர்ட், வாஃபிண்டன், பியூலி மூவரும் அடங்கிய பிரிட்டன் அணி ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தை வென்றது. உலக அணிப் பட்டம் ஒன்று பிரிட்டனுக்கு வந்தது, ஓட்சலில் விக் நின்ற 1989க்குப் பிறகு அப்போதுதான். 2022 ஆகஸ்டில் பியூலி கார்டிஃப் கிராண்ட் பிரீயையும் வென்றார்.

இந்த மூவரில் எவரையும் முதன்மையாகப் புல்தடம் வளர்த்த வீரர் என்று சொல்ல முடியாது. பியூலி மோட்டோகிராஸ் பக்கமிருந்து வந்தவர். 2013, 2015, 2018 என்று மூன்று முறை உலகச் சாம்பியனான வாஃபிண்டன் ஸ்கந்தார்ப்பில் பிறந்தாலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்து, பதின்வயதில் திரும்பி வந்தவர். அப்படியானால் புல்வெளிதான் பிரிட்டிஷ் வீரர்களின் தொட்டில் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம் என்பேன். சிறுவர் புல்தடப் பந்தயங்கள் இன்றும் நடக்கின்றன. 2010களில் ஐரோப்பியப் புல்தடச் சாம்பியனான ஜேம்ஸ் ஷேன்ஸ் அதில் வந்தவர். மாறியிருப்பது, அங்கிருந்து கிளம்பும் ஒருவன் இரண்டு குதிரையிலும் சவாரி செய்ய முடியாது என்பது. வாரத்தில் போலந்து ஞாயிறு, சுவீடன் செவ்வாய், நடுவில் பிரிட்டன் என்று நாட்கள் நிரம்பிவிட்டன. பெரிய பணம் ஞாயிறன்று போலந்தில் இருக்கிறது. அங்கே ஒப்பந்தம் கிடைத்தவனை லாங்டிராக்கில் அடிபட்டு வா என்று எந்தச் சங்கமும் அனுப்பாது.

எனவே லாங்டிராக் என்பது போலந்து கிடைக்காதவர்களுக்கோ, போலந்தை முடித்துவிட்டவர்களுக்கோ உரியதாகிவிட்டது. கார்ன்வாலைச் சேர்ந்த கிரிஸ் ஹாரிஸ் சிறுவயதில் புல்தடத்தில் ஓட்டியவர். 2007இல் கார்டிஃப் கிராண்ட் பிரீயை வென்றபோது அரங்கமே எழுந்து நின்றது. கடைசிச் சுற்றில் வெளியோரமாக முந்திப்போன அந்த ஓட்டத்தில் புல்வெளிப் பழக்கம் தெரிந்தது என்று நான் சொன்னால் அதை நிரூபிக்க முடியாது. ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன். மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியனான அவர், கிராண்ட் பிரீ நாட்கள் முடிந்த பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், நீளச் சட்டம் போட்ட வண்டியோடு உலக லாங்டிராக் தொடருக்குப் போனார். விக் 24 வயதில் ஆரம்பித்த வேலையை ஹாரிஸ் தன் ஸ்பீட்வே வாழ்வின் மறுகரையில்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. அங்கே அவரோடு ஓட்டிய ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இளவயதிலிருந்தே மணல்தடத்தில் வளர்ந்தவர்கள்.